பின்லாந்து அம்மாவும் நம் வீட்டு யோகாவும்

மகன்,

நேற்று நீ போனில் சொன்னதற்கு "சரி, பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும். இன்று பள்ளிக்கூடத்தில் முழுக்க அதே நினைப்புத்தான். கரும்பலகையில் ஒரே சொல்லை இரண்டு தரம் எழுதிவிட்டேன் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். மறுபடி போன் எடுத்துப் பேசலாம்தான், ஆனால் நீ பாதியில் "சரிம்மா, கடையில ஆள் நிக்குது" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். கடையைப் பூட்டி அறைக்குப் போய், சாப்பிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து வாசி.

நீ சொன்னதை நீ சொன்னபடியே எழுதுகிறேன். "யோகாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லுங்கம்மா, தலைவி கிலைவின்னு அவ நிக்க வேணாம். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க." யோகா உன் மனைவி. உனக்கும் அவளுக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. நம் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் அவளைத் தொழிற்சங்கக் கமிட்டிக்குத் தலைவியாக நிற்கச் சொல்கிறார்கள். இந்தத் தோட்டம் உண்டான நாளிலிருந்து அந்த இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கூட்டம். அவள் நிற்பதா வேண்டாமா என்பது இப்போது உன் வாயில் வந்து நிற்கிறது. எப்படி வந்து நின்றது என்பதில் பாதிதான் உன் காதுக்கு வந்திருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் எனக்கு வேறொரு அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும்.

உனக்குத் தெரிந்தவர்தான். பின்லாந்து நாட்டின் முதல் பெண் ஜனாதிபதி. அவர் பெயரை எழுத்தில் பார்த்தால் கண்டுகொள்வேன், வாயால் சொன்னால் பிழையாகிவிடும் என்ற வெட்கத்தில் அந்தக் காலத்திலிருந்தே நான் "பின்லாந்து அம்மா" என்றுதான் சொல்லி வருகிறேன். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி ஏதாவது தேடி வாசிக்கும்போதெல்லாம் உங்கப்பா, "என்னா டீச்சர், பின்லாந்துல இன்னைக்கு என்னா கறியாம்?" என்று கேட்பார். நீயும் சின்னப் பிள்ளையில் அப்பாவோடு சேர்ந்து சிரித்திருக்கிறாய். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். ஆனால் அந்த மனுஷியை நினைக்கும்போது எனக்குள் உண்டாகிற பிரமிப்பை நான் ஒருநாளும் உங்கள் இரண்டு பேருக்கும் சரியாக எடுத்துச் சொன்னதில்லை.

அவர் ஜனாதிபதியானபோது நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். விடுதியில் ஒரு தமிழ்ப் பத்திரிகை வரும். அது கை மாறிக் கை மாறி என்னிடம் வரும்போது ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி, ஒரு படம். கட்டையான தலைமயிர், சிரித்த முகம், கையில் பெரிய கைப்பை. சந்தைக்குப் புறப்பட்ட பெண் மாதிரி இருந்தார். கீழே, தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர், தொழிற்சங்கத்தில் சட்டத்தரணியாக வேலை செய்தவர் என்று போட்டிருந்தது. நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான். தொழிற்சங்கம் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை வேட்டி, மைக், மாலை, முன்வரிசை நாற்காலிகள். அந்த நாற்காலிகளில் ஒன்றில்கூட நான் பெண்ணைப் பார்த்ததில்லை. மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் எல்லாரும் பெண்கள். சங்கத்துக்குச் சந்தா பிடிபடுவது அவர்கள் சம்பளத்தில். அவர்களுக்காகப் பேசுகிறவர்கள் மட்டும் ஆண்கள். அது தப்பு என்றுகூட அப்போது எனக்குப் படவில்லை. மழை மேலேயிருந்து பெய்கிற மாதிரி, அது அப்படித்தான் என்று இருந்தேன்.

அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். யுத்தக் காலத்தில் அந்நாட்டின் தலைநகரத்தில் பிறந்தவர். அந்த ஊரில் ஒரு நீளமான பாலம் இருக்கிறதாம். அந்தக் காலத்தில் பாலத்துக்கு இந்தப் பக்கம் வசதியானவர்கள், அந்தப் பக்கம் வேலைக்காரர்கள். இவர் அந்தப் பக்கத்துப் பிள்ளை. நமக்குப் பாலம் இல்லை, மேட்டில் துரை பங்களா, பள்ளத்தில் லயம், அவ்வளவுதான் வித்தியாசம். அப்பா வெல்டிங் வேலை செய்தவர். பெற்றோர் பிரிந்துபோக, அம்மா இன்னொருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த இரண்டாவது அப்பா கரண்ட் வேலைக்காரர், தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபாடுள்ளவர். அந்த வீட்டிலிருந்து கிளம்பிச் சட்டம் படித்து, மாணவர் அமைப்பில் வேலை செய்து, தொழிற்சங்கத்துக்குப் போய், நகர சபை, பாராளுமன்றம், அமைச்சு என்று படிப்படியாக ஏறியிருக்கிறார். சமூக நலத்துக்கு, நீதிக்கு, பிறகு வெளிநாட்டு விவகாரத்துக்கு அமைச்சர். ஒரே தாவலில் மேலே போனவர் இல்லை. நம் பொகவந்தலாவை பஸ் ஏறுகிற மாதிரி, வளைந்து வளைந்து, ஒவ்வொரு முடக்கிலும் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயிருக்கிறார்.

என்னை வாயடைக்க வைத்தது இதெல்லாம்கூட இல்லை. அவர் தேர்தலில் நின்றபோது கல்யாணம் ஆகாதவர். ஆனால் ஒரு மகளைப் பெற்றுத் தனியாக வளர்த்து ஆளாக்கியிருந்தார். நெடுங்காலமாக ஒருவரோடு சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தார். கோயிலை விட்டு, அதாவது அவர்களுடைய சபையை விட்டு, விலகியவர். இவ்வளவையும் மறைக்காமல் வைத்துக்கொண்டு நாட்டின் முதல் நாற்காலிக்கு நின்றார். பிரசாரம் தொடங்கியபோது அவர் ஜெயிப்பார் என்று நிறையப் பேர் நினைக்கவில்லை. எதிரில் நின்றவர் கிராமப்புறத்தில் செல்வாக்குள்ள முன்னாள் பிரதமர், குடும்பஸ்தர். கொஞ்ச வித்தியாசத்தில் இவர் ஜெயித்தார். வேறு கட்சிப் பெண்கள்கூடக் கட்சியை ஒருபக்கம் வைத்துவிட்டு இவருக்குப் போட்டார்களாம். சேர்ந்து வாழ்ந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டது அதே வருஷம்தான், ஆனால் பதவியேற்ற பிறகு. நான் உங்கப்பாவைக் கட்டியதும் அதே வருஷம்தான். எனக்கு இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு, அவருக்கு ஐம்பதுக்கு மேல். அதை வாசித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மகன், தேர்தலுக்கு முன்னால் அந்தக் கல்யாணத்தைச் செய்திருந்தால் எத்தனை பேர் வாயை அடைத்திருக்கலாம்! ஏன் செய்யவில்லை என்று எனக்குத் தெரியாது. அவர் மனசில் என்ன இருந்தது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் எனக்கு இப்போது தோன்றுவதைச் சொல்கிறேன். முன்னால் செய்திருந்தால், பக்கத்தில் ஒரு புருஷன் நிற்கிறார், ஆகவே இந்தப் பெண்ணை நம்பலாம் என்றாகியிருக்கும். அந்த நம்பிக்கை அவருக்கு வந்திருக்காது, பக்கத்தில் நிற்பவருக்குத்தான் போயிருக்கும். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்.

அவரைத் தெய்வமாக்கவும் நான் வரவில்லை. இராணுவக் கூட்டணிகளில் சேராமல் விலகியே நிற்க வேண்டும் என்று அவர் நெடுக சொல்லி வந்தார். அவர் இறங்கிப் பல வருஷம் கழித்து, பக்கத்து நாடு யுத்தத்துக்குப் போனதும், அந்நாடு கூட்டணியில் சேர்ந்துவிட்டது. அவர் சொன்னது தப்பு என்று இப்போது குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். யார் சரி என்று தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. பதவியிலும் எல்லாம் அவர் இஷ்டப்படி நடக்கவில்லை. அவர் பதவியேற்ற நாளிலேயே அங்கே புது அரசியலமைப்பு வந்து ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்துவிட்டது. ஆண்கள் உட்கார்ந்திருந்தவரை நிறைந்திருந்த சட்டி, பெண் வந்து உட்கார்ந்த அன்று பாதியானதே என்று நான் ஆத்திரப்பட்டேன். பிறகு வாசித்ததில், அது அவருக்கு முன்னாலேயே முடிவான விஷயம் என்று தெரிந்தது. ஐரோப்பிய நாடுகளின் மாநாட்டு விருந்தில் பின்லாந்துக்கு ஒரு தட்டா, இரண்டு தட்டா, உட்காருவது ஜனாதிபதியா, பிரதமரா என்றுகூட ஒரு பெரிய தகராறு நடந்திருக்கிறது. கடைசியில் தட்டு பிரதமருக்கே போயிற்று. இவர் அதற்காக முகத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. இருக்கிற அதிகாரத்தில் வேலை பார்த்தார். மறுபடியும் நின்று, மறுபடியும் நெருக்கமான போட்டியில் ஜெயித்து, இரண்டு தவணை முடித்து இறங்கினார். வெளிநாட்டுப் பயணத்தில் ஹோட்டல் அறையில் தன் உடுப்பைத் தானே அயர்ன் பண்ணுவாராம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைக்காரர், தன் முகமும் இவர் முகமும் ஒன்றாக இருக்கிறது என்று வாரக்கணக்கில் கேலி செய்தாராம். ஆம்பளை முகம் என்று சொல்லாமல் சொன்னதுதானே அது. இவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஆள் பின்லாந்துக்கு வந்தபோது தன் மாளிகைக்குக் கூப்பிட்டுக் கைகொடுத்துச் சிரித்தார். எனக்கு அந்தத் தைரியம் வராது. பள்ளிக்கூடத்தில் யாராவது முதுகுக்குப் பின்னால் சிரித்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். போன மாதம் மேமலையில் குளவி கொட்டியது உனக்குத் தெரியும். யோகாவுக்கும் ஒன்றிரண்டு கொட்டு என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னோம், நீ பயப்படுவாய் என்று. நடந்தது அதற்கு மேலே. பெண்கள் சிதறி ஓடி, நாலைந்து பேர் மயங்கிச் சரிந்து கிடந்திருக்கிறார்கள். கங்காணி போன் அடிக்கிறார், ஆம்புலன்ஸ் வேறு பக்கம் போயிருக்கிறது என்று பதில் வருகிறது. யோகா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, தேயிலை ஸ்டோருக்குப் போன கொழுந்து லொறியை மறித்து நின்றிருக்கிறாள். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து, "ஏய், கொழுந்து வாடிப் போகும், லொறியை விடு" என்று கத்தியிருக்கிறார். "நீங்க கொழுந்தைப் பாத்துக்கங்க ஐயா, நாங்க ஆளைப் பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சாக்குகளைக் கீழே தள்ளி, மயங்கினவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். வீங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அத்தை, எனக்கு வேலை போயிடுமா?" என்பதுதான். அவள் கந்தப்பளையிலிருந்து நம் வீட்டுக்கு வந்தபோது, ஏ லெவல் படித்த பிள்ளை கொழுந்து எடுக்கப் பேர் பதிகிறாளே என்று எனக்கு மனசுக்குள் வருத்தம் இருந்தது. அன்றைக்கு அவள் வீங்கிய கண்ணைச் சுற்றி மஞ்சள் பூசிக்கொண்டே, இந்தப் பிள்ளை யாரடா என்று பார்த்தேன். நான் அறியாத ஒருத்தி என் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் பெண்கள் அவளைக் கேட்டார்கள். முத்துசாமித் தலைவருக்கு வயதாகிவிட்டது, அவர் இறங்குகிறார். அவர் இடத்துக்குத் தேவராஜ் என்று ஆண்கள் பேசி முடித்துவிட்டார்கள். நம் தோட்டத்தில் தலைவரைத் தெரிவு செய்யும் வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆண்களுக்குக் கணக்கு வேலை, கொடுத்த அளவை முடித்தால் போதும், பகலோடு முடிந்துவிடும். பெண்களுக்கு அந்திக் கொழுந்தைத் தராசில் நிறுத்து முடியப் பொழுது சாய்ந்துவிடும். கூட்டம் வைப்பது இரண்டு மணிக்கு. அதனால் ஒவ்வொரு ஆணும் இரண்டு கையைத் தூக்குவார். வலது கை தனக்கு, இடது கை பெண்சாதிக்கு. பெண்சாதி மலையில் இருப்பாள், அவள் கை கோயிலடியில் இருக்கும். யாரும் இதைக் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் சொல்ல மாட்டேன். சோறு வாங்கி வைப்பது மாதிரி, அவளுக்கும் சேர்த்து ஒரு வேலையை முடித்துவிட்டு வருகிறோம் என்றுதான் நினைத்தார்கள்.

போன புதன்கிழமை பகல் கொழுந்து நிறுத்த பிறகு பெண்கள் மலைக்குத் திரும்பவில்லை. அரைப் பேர்தான் விழும், அரை நாள் கூலி போகும் என்று தெரிந்தே, படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் கோயிலடிக்கு வந்துவிட்டார்கள். பள்ளி விட்ட நேரம், நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். தேவராஜுக்குக் கை தூக்கிக்கொண்டிருந்த நேரம் அது.

"என்னா ஞானம்மா, மலையில வேலை இல்லியா?" என்றார் தலைவர்.

"வேலை கெடக்குங்க தலைவரே. எங்க கையும் இருக்குல்ல, அதைக் கொண்டாந்தோம்" என்றார் ஞானம்மா அக்கா. குளவி கொட்டி மயங்கினவர்களில் அவரும் ஒருவர்.

"ஒங்க கையைத்தான் நாங்க தூக்குறோமே!" என்று யாரோ பின்னாலிருந்து.

"தூக்கித் தூக்கி ஒங்களுக்குத் தோள்பட்டை வலிக்குமேன்னுதான்." ஞானம்மா அக்கா நேரே தன் புருஷன் அந்தோணி அண்ணன் முன்னால் போய் நின்றார். அவர் இரண்டு கையையும் தூக்கியபடி, பொலிஸ் பிடித்த ஆள் மாதிரி நிற்கிறார். "இந்த எடது கை யாருதுங்க?"

"ஒன்னுதுடி."

"அப்ப எறக்குங்க. நான்தான் வந்துட்டேனே."

கூட்டமே சிரித்தது. அந்தோணி அண்ணனும் சிரித்துக்கொண்டே கையை இறக்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகத் தன் ஆளைத் தேடிப் போய் நின்றார்கள். இடது கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. இப்போது உங்கப்பாவுக்கு வருகிறேன். அவரும் இரண்டு கையையும் தூக்கித்தான் நின்றார். நான் டீச்சர், சங்கத்தில் எனக்குச் சந்தாவும் இல்லை, கையும் இல்லை. அப்படியென்றால் அந்த இரண்டாவது கை யாருடையது என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, யோகா அவர் முன்னால் போனாள்.

"மாமா, அது என் கையா?"

"ஆமாம்மா. நீ மலையில இருக்கியே, வீட்டுக் கை வீணாப் போகக் கூடாதேன்னு…"

"நான் தேவராஜ் அண்ணனுக்குத் தூக்கலியே மாமா. என்னையத்தான் நிக்கச் சொல்லியிருக்காங்க."

உங்கப்பா கையை இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப நான் ஒனக்கே எதிராவாம்மா தூக்கிக்கிட்டு நிக்கிறேன்?" என்றார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அன்று பொழுது போன பிறகும் அவரை யாரும் விடவில்லை. "எங்கண்ணே, கையைக் காணோம்?" என்று லயத்துக்கு லயம் கேட்டார்கள்.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் தலைவர் எழுந்தார். அவர் கெட்டவர் இல்லை. நீ காய்ச்சலில் கிடந்தபோது உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர். "இந்தாம்மா, நீ சின்னப் புள்ள. ஒன் புருஷன் கொழும்புல இருக்கான். நாளைக்கு ஒண்ணுன்னா எங்களைத்தான் கேப்பான். அவன் வந்து, சரி, எம் பொஞ்சாதி நிக்கட்டும்னு இந்த எடத்துல சொல்லட்டும். ஞாயித்துக்கெழமை எல்லாரும் வாங்க, அன்னைக்குப் பாத்துக்குவோம்" என்றார். பெண்களும் அதற்குச் சம்மதித்துக் கலைந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் தாங்களும் முழுசாக வரலாமே என்ற சந்தோஷம் அவர்களுக்கு. அதில் மறைந்திருந்த முள்ளை நானும் கவனிக்கவில்லை. யோகா கவனித்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவள் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். "நான் அவன்கிட்டப் பேசுறேன், சரின்னு சொல்ல வெக்கிறேன், நீ யோசிக்காத" என்று நான் தைரியம் சொன்னேன். அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வேணாம் அத்தை. அவரு சரின்னு சொல்லி நான் நின்னேன்னா, நாளைக்கு ஒரு பிரச்சினைன்னு நான் தொரைகிட்டப் போய் நிக்கிறப்ப, ஒன் புருஷன்கிட்டக் கேட்டுட்டு வான்னு தானே அனுப்புவாரு? அதுக்கு இவங்க இடது கையைத் தூக்குறதே மேல்." நான் பட்டதாரி, ஊருக்குக் குடியியல் சொல்லிக் கொடுக்கிறவள். தேர்தல் முடியும்வரை கல்யாணம் செய்யாமல் நின்ற அந்த அம்மாவைப் பற்றி வருஷக்கணக்காக வாசித்தும் எனக்கு விளங்காத ஒன்றை, அவரைப் பற்றி ஒரு வரிகூட வாசிக்காத இந்தப் பிள்ளை லீக்ஸ் மணக்கும் கையோடு சொல்லிவிட்டாள்.

அதனால்தான் மகன், நீ கேட்டதை நான் செய்ய மாட்டேன். நீ வேண்டாம் என்று சொன்னதை என் வாய்வழியாக அவளிடம் கொண்டுபோக மாட்டேன். நீ மனம் மாறி, சரி என்று சொல்லியனுப்பினாலும் அதையும் கொண்டுபோக மாட்டேன். நீ வேண்டாம் என்றால் அவள் ஞாயிற்றுக்கிழமை நிற்க முடியாது. நீ சரி என்றால் நிற்கலாம், ஆனால் உன் பெண்சாதியாகத்தான் நிற்பாள். யோசித்துப் பார், நீ இந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தவன் இல்லை. சந்தா கட்டியதில்லை. அந்தக் கூட்டத்தில் உனக்கு ஒரு கைகூடக் கிடையாது. கை இல்லாத உன் ஒரு சொல்லுக்காக, கை உள்ள அத்தனை பெண்கள் காத்திருக்கிறார்கள். உலகத்திலேயே முதல் பெண் பிரதமரைத் தந்த நாடு நம்முடையது என்று நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த அம்மையார் பதவிக்கு வந்த காலத்தில் நம் மலையகத்து ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு வாக்கே இல்லை, குடியுரிமையே பறிபோயிருந்தது. எவ்வளவோ காலம் காத்திருந்து கிடைத்த கை அது. கிடைத்த பிறகும் அதை இன்னொருவர்தான் தூக்குகிறார்.

உன் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. "நேரங்காலம் இல்லாம ஆளுங்க வீட்டுக்கு வருவாங்க, குடிச்சிட்டு வந்து கத்துவாங்க, பொலிஸ், வழக்குன்னு அலைவா, நான் பக்கத்துல இல்லியே" என்றாய். உண்மைதான். தலைவர் வீட்டு வாசலில் நடந்ததையெல்லாம் நானும் பார்த்திருக்கிறேன். எனக்கும் பயம்தான். உங்கப்பாவுக்கும் பயம்தான், அதனால்தான் வாசல் லைட் மாற்றிப் போட்டிருக்கிறார். கடையில் உன் கூட்டாளிகள் "தலைவியம்மா புருஷன்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் நீ சொல்லாவிட்டாலும் கடையில் உன்னோடு நிற்கிற உன் தம்பி சொன்னான். அந்தப் பேர் உனக்குச் சுடுகிறது. சுடும், கொஞ்ச நாளைக்கு. அந்தப் பின்லாந்து அம்மாவின் கணவரும் சட்டம் படித்தவர், தன் வேலை உள்ளவர். அவர் மனைவிக்கு ஒரு எட்டு பின்னால் நடந்து வரும் படங்களை நான் பார்த்திருக்கிறேன். முகத்தில் ஏதாவது குறை தெரிகிறதா என்று போனில் விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மழைக்குக் குடை பிடித்து நடக்கிற ஒரு சாதாரண மனுஷர் முகம்தான் தெரிந்தது. உன் பயத்தை அவளிடமே சொல். புருஷன் பெண்சாதிக்குச் சொல்கிற மாதிரி, முகத்துக்கு நேரே. அவள் கேட்டுப் பதில் சொல்வாள், சண்டையும் போடுவாள், அது உங்கள் இரண்டு பேர் பாடு. அதற்கு நடுவில் நான் இல்லை, தலைவர் இல்லை, கோயிலடி இல்லை.

சனிக்கிழமை கடையில் அரை நாள் லீவு கேட்டு, பகல் பஸ்ஸில் ஏறி வா. ஹற்றனுக்கு மேலே மழை, ஜேர்சி எடுத்துக்கொள். நான் உன்னைக் கூப்பிடுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். "வரச் சொல்லுங்க அத்தை, அவரைப் பாத்தும் நாளாச்சு. ஆனா கூட்டத்துல அவரு வாயைத் தெறக்கக் கூடாது" என்றாள். உங்கப்பா உள்ளேயிருந்து, "அவன் என் மகன்மா, எப்ப எதைத் தெறக்கணும்னு அவனுக்கும் தெரியாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தன் ஆட்களோடு முன்னால் உட்கார்ந்திருப்பாள். நீ ஆண்கள் பக்கம் உட்கார். தலைவர் எழுந்து, "என்னா தம்பி, வந்துட்டியா, நீ என்னா சொல்றே?" என்று கேட்பார். எல்லாத் தலையும் உன் பக்கம் திரும்பும். சரி என்று சொல்லி நல்லவனாகிவிடலாம் போலவும் இருக்கும், கைதட்டுக்கூடக் கிடைக்கும். சொல்லாதே. எழுந்து நில், மரியாதையாக நில். தலைவர் இரண்டாம் தரம் கேட்டால், "அவதானே நிக்கிறா, அவகிட்டக் கேளுங்க மாமா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடு.

அவள் எழுந்து பேசுவாள். ஜெயிப்பாளா என்று எனக்குத் தெரியாது. என்ன பேசப் போகிறாள் என்றும் தெரியாது. என்னிடம்கூடச் சொல்லவில்லை. நானும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, உன்னைப் போலவே முதல் தரம் கேட்கப் போகிறேன்.

அம்மா